கேம்பர்வேனில் சோலார் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடுவோம்

டொயோட்டா ஹையேஸையோ நிசான் என்வி350-ஐயோ, உள்ளேயே தங்கிச் சமைக்கும் கேம்பர்வேனாக மாற்றிக்கொண்டு பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரைக்கும் கேமரன் மலைக்கும் போய்வருகிறவர்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். அவர்களிடமிருந்து வரும் புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான்: "கூரையில பேனல் இருக்கு, வெயிலு கொளுத்துது, பேட்டரி மட்டும் ஏற மாட்டேங்குதுண்ணே." மூச்சு விடாமல் அடுத்த கேள்வி: "புது பேட்டரி வாங்கிடவா?"

வேண்டாம். பத்துக்கு எட்டு வேன்களில் பேனலும் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும்: ஒயர், இணைப்பு, பியூஸ், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் செட்டிங். சில சமயம் கோளாறே இருக்காது, கணக்குத்தான் உதைக்கும். பணப்பையைத் திறப்பதற்கு முன்னால் மீட்டரைக் கையில் எடுங்கள்.

மீட்டரும் மணியும்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று. கிளாம்ப் வாங்கும்போது டிசி அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஏசி மட்டும் அளப்பது மலிவாகக் கிடைக்கும், இந்த வேலைக்கு உதவாது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் பாசார் கடைகளில் இரண்டும் கிடைத்துவிடும்.

மூன்று இடங்களில் வோல்ட்டேஜ் பாருங்கள். கன்ட்ரோலரில் பேனல் ஒயர் நுழையும் முனை, கன்ட்ரோலரில் பேட்டரி ஒயர் கிளம்பும் முனை, பேட்டரியின் போல்ட். மூன்றையும் ஒரே நேரத்தில், சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறுகள் இந்த மூன்று எண்களிலேயே மாட்டிக்கொள்ளும்.

எந்த நேரத்தில் அளப்பது என்பதும் முக்கியம். மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இப்போது உச்சி வெயில் கோலாலம்பூரில் 1.15 வாக்கிலும் பினாங்கில் 1.20 வாக்கிலும் வருகிறது. மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின் இருக்கும். காலை பத்து மணிக்கு அளந்துவிட்டு "பாதிதான் வருது" என்று சொல்பவர்களுக்கு என் பதில்: சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அளங்கள்.

ஒரு எச்சரிக்கை. கழற்றும்போது பேனல் ஒயரை முதலில் கழற்றுங்கள், பேட்டரியைப் பிறகு. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். வீட்டுக் கூரைக்கான பெரிய பேனல் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு, இணைத்திருந்தால் அங்கே டிசி 80 வோல்ட்டைத் தொடும். அதில் கை வைக்கும் முன் பேனலைக் கனமான துணியால் மூடிவிடுங்கள்.

அறிகுறி: வெயில் அடிக்கிறது, கன்ட்ரோலர் சுழியம் காட்டுகிறது

பேனல் முனையில் வோல்ட்டேஜ் பாருங்கள். 12 வோல்ட் வகைப் பேனலின் லேபிளில் திறந்த வோல்ட்டேஜ் (எதோடும் இணைக்காதபோது வருவது) 22 என்று இருக்கும். நம் ஊர் வெயிலில் காய்ந்த பேனலில் 19, 20 வந்தாலே போதும். சூட்டில் வோல்ட்டேஜ் இறங்குவது இயல்பு.

அங்கே ஒன்றுமே இல்லை என்றால் கூரைமேல் ஏற வேண்டியதுதான். பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்சி4 பிளக் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கடலோரம் அடிக்கடி நிறுத்தும் வேன்களில் இதுதான் முதல் சந்தேகம். தெலுக் பஹாங் பக்கம் நிறுத்தியே பழகிய ஒரு வேனில் திறந்து பார்த்தேன்: வெளியே கறுப்பு பிளாஸ்டிக் புதிதுபோலப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஊசியைச் சுற்றிப் பச்சைத் தூள், அடியில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். ரப்பர் வளையம் மடங்கியபடி இருந்ததால் அந்த வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கிறது. அப்படிப்பட்ட இணைப்பைச் சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள். வெட்டிவிட்டுப் புதிய முனையை ஒயரில் அழுத்திப் பொருத்துங்கள், அதாவது கிரிம்ப் செய்யுங்கள். குறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது; அதற்கென்று உள்ள கருவி வேண்டும். ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் வேறு கம்பெனி என்று ஜோடி சேர்ப்பதும் வேண்டாம். பார்க்கப் பொருந்தும், உள்ளே சரியாகத் தொடாது, சூடாகும்.

பேனல் முனையில் வோல்ட்டேஜ் நன்றாக வருகிறது, ஆனாலும் சுழியம் என்றால் இன்னும் மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்; மீட்டர் மைனஸ் குறி காட்டும். இரண்டு, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே உள்ள பியூஸ் போயிருக்கும். பியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், கழற்றி மீட்டரில் பாருங்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: பேனலின் மிகுதி வோல்ட்டேஜைக் கூடுதல் கரண்டாக மாற்றித் தரும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர்கள் பல, பேனல் வோல்ட்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். லித்தியம் பேட்டரி 13.3-இல் நிற்கிறது என்றால் 18.3 வேண்டும். ஒற்றை 12 வோல்ட் பேனலோ, பல பேனல்களின் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்த இணை இணைப்போ இருக்கும் வேனில், மங்கலான காலையில் அது கிடைக்காது. அதனால் ஒன்பது மணி வரை கன்ட்ரோலர் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பேனலைத் தொடராக மாற்றினால் இந்தத் தொல்லை தீரும். மாற்றும் முன், கன்ட்ரோலர் தாங்கும் உச்ச வோல்ட்டேஜ் எவ்வளவு என்று அதன் லேபிளில் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: வருகிறது, ஆனால் சொன்னதில் பாதிதான் வருகிறது

முதலில் பேட்டரி நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். நிரம்பிய பேட்டரிக்கு கன்ட்ரோலர் தானாகவே கரண்டைக் குறைக்கும். அது கோளாறே இல்லை. ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு வாட் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் சரி, வேனைப் பூட்டிவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள்.

ஏறவில்லை என்றால், நீங்கள் எதிர்பார்க்கும் எண் நியாயமானதா என்று பார்க்க வேண்டும். லேபிளில் உள்ள 200 வாட், 25 டிகிரியில் இருக்கும் சிலிக்கானுக்கு அளந்தது. வேன் கூரையில் படுத்துக்கிடக்கும் பேனல் மதியம் 65 டிகிரி வரை போகும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும் என்று வைத்தால், 40 டிகிரிக்கு 15 சதவீதம் காலி. மெல்லிய மேகமும் ஈரக்காற்றும் இன்னும் கொஞ்சம் தின்னும். ஆகவே 200 வாட் பேனலில் உச்சி வெயிலில் 150 வந்தால் அது ஆரோக்கியமான பேனல். 100-க்குக் கீழே வந்தால்தான் தேட வேண்டும். பேனலை நேராகக் கூரைமேல் ஒட்டாமல் அடியில் நாலு விரல் இடம் விட்டிருந்தால் காற்று போய்வந்து சூடு தணியும். வளையும் பேனலைக் கூரையோடு ஒட்டிய வேன்களில் இந்த இழப்புக்கு மருந்து இல்லை. எனக்கு அந்த வகையே பிடிக்காது.

பேனலைச் சாய்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பினாங்கு வடக்கு 5 டிகிரி, கோலாலம்பூர் 3 டிகிரி. சூரியன் தலைக்கு நேர் மேலேதான் போகிறது. தட்டையாகவே இருக்கட்டும்.

அடுத்தது நிழல். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேனலுக்குள் செல்கள் வரிசையாக, வாளித் தண்ணீரைக் கைமாற்றும் ஆட்கள் மாதிரி நிற்கின்றன. ஒருவர் கை ஓய்ந்தால் வரிசையே நின்றுவிடும். அதற்குத்தான் பைபாஸ் டையோடு வைத்து ஓய்ந்த பகுதியைத் தாண்டிப் போகிறார்கள். 36 செல் கொண்ட 12 வோல்ட் பேனலில் பெரும்பாலும் அப்படி இரண்டு பகுதிகள்தான். காற்றுப்போக்கியின் மூடி, கூரை ஏசியின் பெட்டி, ஆண்டெனா என்று எதன் நிழலாவது ஒரு செல்லை முழுக்க மறைத்தால் பாதிப் பேனல் போய்விடும். மீதிப் பாதியின் 9 வோல்ட்டை வைத்து 13 வோல்ட் பேட்டரியில் ஏற்ற முடியாது. ஆக ஒரு கை அகல நிழல், ஒரு பேனலையே தின்றுவிடும். தொடரா இணையா என்று ஆளுக்கொரு பக்கம் சண்டை போடுவதைவிட, மதியம் கூரைமேல் ஏறி எந்த நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து அந்த மூடியை நகர்த்துவது நல்லது. காய்ந்த இலை, காக்கை எச்சம் எல்லாம் இதே கணக்குத்தான். சில்லென்று இருக்கிறதே என்று மரத்தடியில் நிறுத்தினால் சார்ஜ் வராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தையும் கவனியுங்கள். பாலிக் பூலாவில் தீவின் நடு மலைகள் கிழக்கே நிற்கின்றன, காலை வெயில் தாமதமாகத்தான் வரும். கோலாலம்பூரில் காலை பளிச்சென்று இருந்துவிட்டு மூன்று மணிக்கு இடியும் மழையும் வரும் நாட்கள் ஏராளம், முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். 2015, 2019 ஆண்டுகளில் வந்ததுபோலப் புகைமூட்டம் வந்தால் பேனல் நாள்கணக்கில் சோர்ந்தே கிடக்கும். இதற்கெல்லாம் ஸ்குரூடிரைவரைத் தூக்காதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பாதிதான் வருகிறதா? கன்ட்ரோலர் பிடபிள்யூஎம் வகையா பாருங்கள். அது பேனலின் வோல்ட்டேஜை பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும். மிச்ச வோல்ட்டேஜ் வீண். வீட்டுக் கூரைக்கான 400 வாட் பேனல் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, பிடபிள்யூஎம்மில் மாட்டினால் 13 ஆம்பியரை 13.5 வோல்ட்டில்தான் தரும். பெருக்கிப் பாருங்கள், 175 வாட். பெட்டிமேல் எம்பிபிடி என்று அச்சடித்திருக்கிறதே என்றால், அச்சை நம்பாமல் கிளாம்ப் மீட்டரால் சோதியுங்கள். இப்படிப்பட்ட பெரிய பேனலில், பேட்டரி பசியாக இருக்கும்போது, பேனல் ஒயரிலும் பேட்டரி ஒயரிலும் கரண்ட் அளங்கள். பேட்டரி பக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் உண்மையான எம்பிபிடி. இரண்டும் ஒரே எண் என்றால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

அறிகுறி: பதினோரு மணிக்கே 'ஃபுல்', ராத்திரி பத்து மணிக்குக் காலி

என்னைக் கேட்டால் கேம்பர்வேனில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுதான். பேட்டரி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டுவார்கள்.

ஆரம்பத்தில் எழுதிவைத்த எண்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். கன்ட்ரோலர் முனையில் 14.4, பேட்டரி போல்ட்டில் 13.8 என்றால் நடுவில் 0.6 வோல்ட் காணாமல் போகிறது. இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 3 மில்லியோம் சொச்சம் தடை. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 5 மீட்டர் என்றால் போகவர 10 மீட்டர், 31 மில்லியோம். 20 ஆம்பியர் ஓடினால் 0.62 வோல்ட். கன்ட்ரோலர் தன் முனையில் தெரியும் 14.4-ஐ நம்பி "வேலை முடியப்போகிறது" என்று கரண்டைக் குறைக்க ஆரம்பித்துவிடும். பேட்டரிக்கோ இன்னும் பசி. கன்ட்ரோலரை பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். பேனல் ஒயர் நீளமாக இருந்தால் பரவாயில்லை, அதில் வோல்ட்டேஜ் அதிகம், இழப்பு குறைவு. நகர்த்த இடமில்லை என்றால் 16 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள்.

ஒயர் தடிமனாக இருந்தும் வோல்ட்டேஜ் விழுகிறது என்றால், ஓட்டத்தில் இருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை லக்கிலும் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) மறுமுனையை அதே இணைப்பின் போல்ட்டிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. பியூஸ் ஹோல்டர், பிரேக்கர், பேட்டரியைத் துண்டிக்கும் கட்டவுட் சுவிட்ச் என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் இதே மாதிரி தாண்டித் தாண்டி அளந்தால் குற்றவாளி தானாக அகப்படுவான்.

ஒயரில் இழப்பே இல்லையா? அப்படியானால் செட்டிங்கைப் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு சார்ஜ் வோல்ட்டேஜ் 14.2 முதல் 14.4, நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் ஃபுளோட் 13.5 வாக்கில், ஈய பேட்டரிக்கான ஈக்வலைஸ் (மிகைச் சார்ஜ்) அணைத்து, சூட்டுக்கேற்ப வோல்ட்டேஜை மாற்றும் வெப்ப ஈடு அணைத்து இருக்க வேண்டும். பழைய ஈய பேட்டரியின் ஜெல் செட்டிங்கிலேயே விட்டுவிட்டு லித்தியத்தை மாட்டிக்கொடுக்கும் பட்டறைகள் உண்டு.

ஈய பேட்டரி என்றால் நம் வானிலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், மூன்று நாலு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்கிறது. நாள்தோறும் 85, 90 சதவீதத்தோடு நின்றுவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து, சில மாதங்களில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி 50-க்கு இறங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக் கரண்டில் நல்ல சார்ஜர் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். ஏற்கெனவே இறங்கிவிட்டதா என்று பார்க்க: முழுக்க ஏற்றி, எல்லாம் அணைத்து சில மணி நேரம் விட்டு, 12.7 நிற்கிறதா பாருங்கள். அப்புறம் 5 ஆம்பியர் லோடு போட்டு, 12 வோல்ட்டைத் தொட எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். நல்ல 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்துக்குமேல் தாங்க வேண்டும். நாலே மணி நேரத்தில் தொட்டால் புதிது வாங்கலாம். பேட்டரி உப்பிப்போனால் தவிர, இந்தக் கட்டுரையில் நான் புது பேட்டரி வாங்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

அறிகுறி: எந்தக் கோளாறும் கிடைக்கவில்லை, ஆனாலும் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நிற்கிறது

காகிதம் எடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட். நம் சூட்டில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வையுங்கள், 540 வாட்-மணி. 200 வாட் பேனல், நல்ல வெயில் நாலு மணி நேரத்துக்குச் சமம், இழப்பு போக 70 சதவீதம்: 560. ஃபிரிட்ஜுக்கே சரியாகப் போய்விட்டது. மின்விசிறி 20 வாட்டில் பத்து மணி நேரம், இன்னொரு 200. இரவுச் சோற்றுக்கு 500 வாட் ரைஸ் குக்கர் 25 நிமிஷம், அது ஒரு 210. கடன் ஓடுகிறது, கோளாறு இல்லை.

இந்தக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடுவது, பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர். எதையும் மாட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே பெரிய இன்வெர்ட்டர் 15 வாட் குடிக்கும். 24 மணி நேரத்துக்கு 360. ரைஸ் குக்கரைவிட அதிகம்! சோறு வெந்ததும் அணைத்துவிடுங்கள்.

பேட்டரியில் 12.5 இருந்தும் ஃபிரிட்ஜ் மட்டும் நிற்கிறது என்றால் அது வேறு. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் விழுந்து, ஃபிரிட்ஜின் காவல் சுற்று அதை அணைக்கிறது. ஃபிரிட்ஜ் பிளக்கில் அளந்து பாருங்கள். சிகரெட் லைட்டர் வகைப் பிளக்கைத் தூக்கிவிட்டு நேரடி ஒயர் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறிகுறி: காண்டோவில் நிறுத்திவைத்த வேன் இரண்டு வாரத்தில் செத்துக்கிடக்கிறது

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வெயிலே கிடையாது, பேனல் அங்கே அலங்காரம். அரை ஆம்பியர் கசிவு இருந்தாலும் 14 நாளில் 168 ஆம்பியர்-மணி. கேமரா, டிராக்கர், கேஸ் அலாரம், யுஎஸ்பி சாக்கெட்டின் நீல விளக்கு எல்லாம் சேர்ந்தால் அந்த அரை ஆம்பியர் எளிதில் வந்துவிடும். பேட்டரிக்கு ஒரு கட்டவுட் சுவிட்ச் போதும். கேஸ் அலாரம் மட்டும் வேனில் ஆள் இருக்கும்போது அணையவே கூடாது.

அறிகுறி: லித்தியம் பேட்டரி திடீரென்று 0 வோல்ட் காட்டுகிறது

செத்துவிடவில்லை, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று கதவைச் சாத்தியிருக்கிறது. அதிகமாக இறங்கியிருக்கும், அல்லது சூடு. ஹையேஸிலும் என்வி350-இலும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். அதற்கு அடுத்தாற்போல் பேட்டரிப் பெட்டி வைத்தால், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவரை ஓட்டிவந்து நிறுத்தும்போது சூடு பிஎம்எஸ்ஸின் எல்லையைத் தாண்டிவிடலாம். ஆறவிட்டால் திரும்பி வரும். பின்பக்கம் மாற்றினால் திரும்பவும் நடக்காது.

இறங்கிப்போய்ச் சாத்தியது என்றால் கன்ட்ரோலரால் அதை எழுப்ப முடியாமல் போகலாம், ஏனென்றால் அது உயிர்பெறவே பேட்டரி வோல்ட்டேஜ் வேண்டும். லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை வீட்டுக் கரண்டில் மாட்டுங்கள். அப்புறம் ஒன்று: லித்தியத்தில் வோல்ட்டேஜை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் அது 13-க்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் போடுங்கள். எல்லா மைனஸ் ஒயரும் அந்த ஷன்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்று நேராக பேட்டரிக்குப் போனாலும் மீட்டர் பொய் சொல்லும்.

அறிகுறி: ஈய பேட்டரி முட்டை அழுகிய வாசம் அடிக்கிறது, பக்கவாட்டில் உப்புகிறது

உடனே பேனலைக் கனமான துணியால் மூடிச் சார்ஜை நிறுத்தி, வேன் கதவுகளைத் திறந்துவிடுங்கள். தீப்பெட்டி, சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். மிகையாக ஏறியிருக்கிறது. சூடான பேட்டரிக்குக் குறைந்த வோல்ட்டேஜ் போதும். 40 டிகிரியில் 14.4-க்குப் பதில் 14.0 வாக்கில். கன்ட்ரோலர் இதைத் தானே சரிக்கட்ட, அதன் வெப்ப சென்சார் பேட்டரிமேல் ஒட்டியிருக்க வேண்டும். குளிர்ந்த அலமாரியில் கன்ட்ரோலர், வெந்த பெட்டியில் பேட்டரி என்றால் கணக்குத் தப்பிவிடும். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்த வழியில்லை.

அறிகுறி: பியூஸ் அடிக்கடி போகிறது, அல்லது ஹோல்டர் பழுப்பாகிறது

பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. செய்யாதீர்கள். பியூஸ் காப்பது ஒயரைத்தான். 30 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 40 ஆம்பியர் பியூஸும், அதைத் தாங்கும் ஒயரும் சரியான ஜோடி. பிளாஸ்டிக் பழுப்பாகிறது என்றால் பெரும்பாலும் கரண்ட் காரணமில்லை, தளர்ந்த போல்ட்தான். வேன் குலுங்கிக் குலுங்கி நட்டுகள் இளகும். ஹோல்டரைப் புதிதாக மாற்றி, இறுக்கி, நட்டுமேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த நீண்ட ஓட்டம் முடிந்ததும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.